யாருக்கோ அடித்த பஸ்ஸர்

புருஷன் எட்வர்ட் இறந்துபோன ஐந்தாம் மாதம், சிலிண்டர் போடுகிற ஆள் மெர்சி வீட்டு கேட்டுக்குள் ஒரு புது சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் முதல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தாள். கேட்டிலிருந்து அடுப்படி அதிக தூரமில்லை, நடுவில் படிகள்தான் இடைஞ்சல். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு கீறல் போட்டுவிட்டு அது நின்றுகொண்டது. பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் வந்து தூக்கிக் கொடுத்திருப்பார்கள். கூப்பிட வாய் வரவில்லை. எட்வர்ட் இருந்தவரை சிலிண்டர் என்ன, குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட அவள் சுமந்ததில்லை. "உட்டுடு, நான் தூக்கறேன்" என்பது பதினான்கு வருஷத்தில் அவன் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை. அன்பாகச் சொன்ன வார்த்தைதான். மஞ்சள் காமாலை முற்றி அவன் போன பிறகு அந்த வார்த்தை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

சிலிண்டர் கேட்டருகே வெயிலில் நின்றது. மெர்சி கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டாள். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, ராத்திரிக்கு ஒரு பன்னை முந்தானையில் சுருட்டிக்கொண்டு போவாள். கேண்டீனில் பரிமாறுகிற பூவம்மாளின் கண்ணுக்கு இது தப்பவில்லை. ஐம்பதைத் தாண்டியவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"இன்னாடி, ஊட்ல அடுப்பு மூட்டறது இல்லையா?"

"சிலிண்டரு வாசல்லயே கீதுக்கா."

"சிலிண்டரு வாசல்ல கீது, நீ கேண்டீன்ல கீற. ரெண்டு பேரும் எப்பதான் பாத்துக்கப் போறீங்க?"

பக்கத்தில் தட்டோடு நின்ற இளமதி சிரித்துவிட்டாள். மெர்சி வேலை செய்யும், இரும்புத் தகடு அடிக்கிற அதே பிரஸ் ஷாப்பில் இரண்டு மிஷின் தள்ளி நிற்கிற பெண் அவள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். வீட்டில் நெல் விளையும் நிலம் உண்டு. அந்த நிலத்தில் மெர்சியின் அம்மா ஒரு காலத்தில் நாற்று நட்டவள். இது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசியதில்லை. அன்று ஷிப்ட் முடிந்ததும் இளமதி தானாகவே கூட வந்தாள். செருப்பைக் கழற்றினாள், குந்தி உட்கார்ந்தாள், சிலிண்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள், படியேறி அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"இதுக்கா இத்தினி நாளு பேஜாரு?" என்றாள்.

மெர்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்வர்டை நினைத்து இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்ததே, அதை நினைத்து. இளமதி அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. கேஸை மாட்டி, தேநீர் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினாள். குடித்துக்கொண்டே, பைபாஸில் லாரி எடை மேடைக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை பொம்பளைங்க நேரம், நாளைக்கு வா என்றாள்.

*

அந்த ஷெட் எபினேசருடையது. அவர் பகலில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர், ஒரு காலத்தில் பவர்லிஃப்டிங்கில் மெடல் வாங்கியவர். அதிகம் பேசமாட்டார். தகரக் கூரை, கான்கிரீட் தளம், துருப்பிடித்த எடை வட்டுகள் கொஞ்சம், புதிய வட்டுகள் கொஞ்சம். பக்கத்து எடை மேடையில் டிரெய்லர் ஏறினால் ஷெட்டின் தரையும் லேசாக அதிரும். மெர்சி முதல் நாள் போய் நின்றபோது பூவம்மாள் அங்கே தோளில் இரும்பு பாரைச் சுமந்தபடி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். மெர்சி கேண்டீனில் தினமும் பார்க்கிற அதே பூவம்மாள்தான், டி-ஷர்ட்டும் பேன்ட்டுமாக.

"அப்படிப் பாக்காதடி" என்றாள் பூவம்மாள். "மூட்டு வலின்னு டாக்டருகிட்ட போனேன், எடைய கொறைன்னாரு. கொறைக்க முடியல. சரி, இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம்னு வந்துட்டேன்."

பவர்லிஃப்டிங்கில் மூன்றே வேலைதான். தோளில் பாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது, தரையில் கிடப்பதைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட். கேட்பதற்கு ஒன்றுமில்லை. மெர்சி வட்டே போடாத வெறும் பாரோடு தொடங்கினாள். எழுவதற்கு அவள் பயப்படவில்லை, உட்காருவதற்குத்தான் பயந்தாள். கீழே போனால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று தோன்றும். பாதியிலேயே எழுந்துவிடுவாள். எபினேசர் "இன்னும் கீழ" என்பார், அவ்வளவுதான்.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் உண்மையிலேயே கீழே தங்கிவிட்டாள். தொடை எழவில்லை. பார் இரண்டு பக்கத்துத் தாங்கிகளில் மோதி ஷெட்டே அதிர உட்கார்ந்தது. எல்லோரும் ஓடி வருவார்கள், ஐயோ என்பார்கள், போதும் வீட்டுக்குப் போ என்பார்கள் என்று குனிந்தபடியே காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பூவம்மாள் தன் பாட்டுக்குக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளமதி வந்து ஒரு வட்டைக் கழற்றி, "திரும்பப் போடுக்கா" என்றாள். அந்த ஷெட்டில் தோற்பதற்குத் தனி மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. மெர்சிக்கு அது புதிது. அதுவரை அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எது கீழே விழுந்தாலும் யாராவது ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாறுதல் மெதுவாக வந்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி. ஒருநாள் ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு ஆள் வரிசையைத் தாண்டி அவளுக்கு முன்னால் கையை நீட்டினான். "பின்னால போய் நில்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவன் போய் நின்ற பிறகுதான் சொன்னது தான் என்பது மெர்சிக்கு உறைத்தது. ஷெட்டில் வந்து இதைச் சொன்னதும் பூவம்மாள் அன்றைக்கு ஒரு வட்டு கூடுதலாகப் போட்டுத் தூக்கினாள், அந்தச் சந்தோஷத்தில்.

ஆனால் பாக்கியநாதனிடம் மட்டும் அந்தக் குரல் வரவில்லை.

பாக்கியநாதன் எட்வர்டின் அண்ணன். மீஞ்சூரில் இருக்கிறார், பவர் பிளான்ட்டில் ஃபிட்டர். அவர் மனைவியை மெர்சி அக்கா என்று கூப்பிடுவாள். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கூடவே இருந்தவர். கல்லறைக்கு இடம் வாங்கியதிலிருந்து நாற்பதாம் நாள் ஜெபம் வரைக்கும் அவர்தான் செய்தார். மெர்சிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்து ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவார், வரும்போது மீன் வாங்கி வருவார். அவர் தன் வீட்டு மாடியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். மெர்சி அங்கே வந்துவிட வேண்டும், இந்தக் கும்மிடிப்பூண்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். பிள்ளை குட்டி இல்லாதவள், ஷிப்ட் வேலை, ஒற்றையாக எப்படி இருப்பாள்?

மெர்சிக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. எட்வர்டும் அவளும் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய இரண்டு அறை அது. கேட்டும் ஜன்னல் கம்பியும் அவன் தன் கையால் வெல்டு அடித்தவை. அதிலேயே இருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை. கெட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். இவரோ நல்லவர். தம்பியின் பேச்சு வந்தாலே கண் கலங்குகிறவர். அவர் பேசப் பேச மெர்சியின் தலை தானாக ஆடியது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி பேசிவிட்டார். ஒரு திங்கட்கிழமை வண்டி வருவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள்தான் திருவள்ளூரில் மாவட்டப் போட்டி. எபினேசர் ஷெட்டிலிருந்து மூன்று பெண்களின் பெயரையும் கொடுத்திருந்தார். போட்டி என்றதும் பாக்கியநாதன் கோபிப்பார் என்று மெர்சி நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை. ஆசைப்பட்டதைச் செய்துவிட்டு வரட்டும், நானும் வந்து பார்க்கிறேன், அப்படியே நேராக மீஞ்சூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், காலையில் வண்டி போய்ச் சாமானை எடுத்துவரட்டும் என்றார்.

மெர்சி இதை இளமதியிடம் சொன்னபோது அவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தல ஆடிடுச்சு."

"தலைய புடிச்சி நிறுத்த வேண்டியதுதான?"

"போட்டி முடியட்டும். மூணும் நல்லா தூக்கிட்டா எனுக்கே ஒரு தைரியம் வரும். அப்ப சொல்லிடறேன்."

இளமதி பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு பாரடிக்குப் போனாள்.

*

திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் பூச்சரங்கள் தூண்களில் இன்னும் வாடாமல் இருந்தன. மண்டபத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பெண்களுக்கு மேடை, மறுபக்கம் கல்லூரிப் பையன்களுக்கு மேடை. இரண்டு மேடைக்கும் தனித்தனிக் கடிகாரம். பெயர் கூப்பிட்ட ஒரு நிமிஷத்துக்குள் தூக்கத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸர் அடித்துவிடும். நடுவர்கள் மூன்று பேர். தூக்கியது சரி என்றால் வெள்ளை விளக்கு, தப்பு என்றால் சிவப்பு. மூன்றில் இரண்டு வெள்ளையாவது எரிய வேண்டும்.

உடம்பைப் பிடித்த மாதிரியான அந்தப் போட்டி உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வர மெர்சி தயங்கினாள். பாக்கியநாதன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூவம்மாள் அவளைப் பின்னாலிருந்து தள்ளினாள். "வா, என்ன பாத்தப்பறம் உன்ன எவனும் பாக்கமாட்டான்" என்று தானே முதலில் போனாள்.

ஸ்குவாட் நன்றாகவே போயிற்று. பெஞ்சில் ஒரு தடவை நடுவர் சொல்லும் முன்பே தள்ளிச் சிவப்பு வாங்கினாள், மற்ற இரண்டும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. மூன்றும் போய்விட்டால் அதுவரை தூக்கியதற்கும் கணக்கில்லை, பெயரே பட்டியலில் வராது. கடைசியாக டெட்லிஃப்ட். மெர்சியின் பலமே அதுதான். தொண்ணூறு கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஷெட்டில் அதற்கு மேலேயே தூக்கியிருக்கிறாள்.

கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டு போனாள். குனிந்து பிடித்தாள். பார் முழங்காலைத் தாண்டியது, தொடையில் உரசிக்கொண்டு மேலே வந்தது, நிமிர்ந்து நின்றாள். இனி ஒன்றும் இல்லை. நடுவர் கையை இறக்கி "டவுன்" என்று சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும், சொன்னதும் பாரைப் பிடித்தபடியே இறக்க வேண்டும்.

அந்தக் கணத்தில் பையன்கள் பக்கத்துக் கடிகாரம் அலறியது. அங்கே எவனோ நேரத்துக்குத் தூக்கவில்லை.

மெர்சியின் இரண்டு கையும் விரிந்து தோளுக்கு மேலே போயின. தொண்ணூறு கிலோ தொப்பென்று மேடையில் விழுந்தது.

மண்டபமே சிரித்தது. போலீஸைப் பார்த்தவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேடை நடுவில் நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மூன்று சிவப்பு விளக்கு எரிந்தது.

எதனால் அப்படி ஆயிற்று என்பது மெர்சியைத் தவிர அங்கே இளமதிக்கும் பூவம்மாளுக்கும்தான் புரிந்தது. பிரஸ் ஷாப்பில் தகட்டை மிஷினுக்குள் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பட்டனை அமுக்க வேண்டும். எங்கேயாவது கோளாறு என்றால் பஸ்ஸர் அடிக்கும். அடித்த மறுகணம் கையிலிருப்பது எதுவானாலும் போட்டுவிட்டு இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். யோசிக்கக்கூடாது. யோசிக்கிற நேரத்தில் விரல் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க இதைத்தான் பழக்குவார்கள். மெர்சி பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறாள். அவளுக்குப் பத்து விரலும் முழுசாக இருப்பது அந்தப் பழக்கத்தால்தான். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்தால்கூடப் பெண்கள் விளையாட்டுக்குக் கையைத் தூக்குவார்கள்.

இளமதி ஓடிப்போய் நடுவரிடம் பஸ்ஸரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் பொதுவானதும்மா, மற்றவர்கள் கையை விடவில்லையே என்றார்.

இரண்டாம் தடவை மெர்சி போனபோது அவள் காது முழுக்க அந்தப் பக்கத்துக் கடிகாரத்திலேயே இருந்தது. பார் எழுந்தது. நிமிர்ந்தாள். பஸ்ஸர் அடிக்கப் போகிறது, இதோ அடிக்கப் போகிறது என்று நினைத்தாள். அடிக்கவில்லை. அடிக்காத பஸ்ஸருக்குப் பயந்து, நடுவர் கையை இறக்கும் முன்பே அவள் பாரை இறக்கிவிட்டாள். மறுபடி சிவப்பு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

பின்னால் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே தடவை. இது போனால் காலையிலிருந்து செய்ததெல்லாம் போயிற்று. தைரியம் வரும், அப்போது சொல்லலாம் என்று அவள் எதை நம்பியிருந்தாளோ அதுவும் போயிற்று. நாளைக்கு இந்நேரம் மீஞ்சூர் மாடியறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

பாக்கியநாதன் வரிசையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். முகத்தில் வேதனை. துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போதும்மா. வந்துடு. ஒடம்ப கெடுத்துக்காத. அவன் இருந்தா இத பாத்துக்கினு இருப்பானா?"

இருக்கமாட்டான்தான். உட்டுடு, நான் தூக்கறேன் என்று மேடைக்கே வந்திருப்பான். மெர்சியின் தலை ஆடத் தொடங்கியது. அவளுக்கே அது தெரிந்தது. கழுத்தின் பின்புறம் இறுகுவதும் மோவாய் கீழே போவதும் தெரிந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு கீது மாமா" என்றாள்.

அவர் துண்டோடு நின்றார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பூவம்மாள் பக்கத்து நாற்காலியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய முறை அடுத்த பிரிவில். "ஏண்டி" என்றாள், வாயில் பழத்தோடு. "உங்க பஸ்ஸரு கேண்டீன்ல கேக்குமா கேக்காதா?"

"கேக்கும்."

"நாளெல்லாம் கேக்குது. நான் எப்பனா சாம்பார் கரண்டிய கீழ போட்டுட்டு கைய தூக்கிக்கினு நின்னனா?"

மெர்சி அவளைப் பார்த்தாள்.

"அது உனுக்கு அடிக்கறது. எனுக்கு இல்ல. எனுக்கு இல்லன்னா நான் பாட்டுக்கு ஊத்திக்கினே இருப்பேன். இங்க அது உனுக்கும் இல்ல. எவனோ ஒரு பையனுக்கு அடிக்குது. அவன் பாத்துப்பான்."

இளமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸர் அடிக்க, கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிற பூவம்மாளை அவள் கண்ணால் கண்டுவிட்டாள் போல. மெர்சிக்கும் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். இரண்டு தடவை அத்தனை பேருக்கும் முன்னால் தோற்றாயிற்று, சிரிப்பையும் வாங்கியாயிற்று, பின்னாலே வந்து தானும் சிரித்தாயிற்று. இதற்கு மேல் அந்த மேடை அவளை என்ன செய்துவிடும்?

பெயர் கூப்பிட்டார்கள். இளமதி பெல்ட்டை இறுக்கிவிட்டாள். மெர்சியின் நெற்றி வியர்வையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, "போக்கா" என்றாள்.

மெர்சி குனிந்து பிடித்தாள். மூச்சை வயிற்றில் இறக்கினாள். தரையைக் காலால் தள்ளினாள். மூன்றாவது தடவை என்பதால் கனமாகத்தான் இருந்தது. முழங்காலில் ஒரு கணம் நின்றுவிட்டது. முதுகு வளையப் பார்த்தது. அவள் அவசரப்படவில்லை. நகர்ந்தது, தொடையில் ஏறியது, முழங்கால் பூட்டிக்கொண்டது. நிமிர்ந்து நின்றாள்.

பஸ்ஸர் அடித்தது.

அவள் அதைக் கேட்டாள். கேட்காத மாதிரி இருக்க முயலவில்லை. விரல்கள் ஒரு நூலளவு இளகியதும் தெரிந்தது. இது அந்தப் பையனுக்கு, என்று நினைத்தாள். பாவம், அவனுக்கும் இன்னொரு தடவை இருக்கும். விரல்களை மறுபடி மூடினாள். சத்தம் அடித்து ஓய்ந்தது. பாரின் கனம் முழுக்கத் தோளில் தொங்கியது. தான் அதைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நிற்க முடிகிறதே. இன்னும் கொஞ்ச நேரம்கூட நிற்கலாம் போலிருக்கிறதே.

நடுவர் கையை இறக்கினார். அவள் பாரைப் பிடித்தபடியே மெதுவாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். வைத்த பிறகுதான் விட்டாள். மூன்று வெள்ளை.

இளமதி கத்தினாள். பூவம்மாள் வாழைப்பழத் தோலை ஆட்டினாள். மூன்றாவது வரிசையில் பாக்கியநாதன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். மெர்சி அந்த மேடையிலிருந்தே மனதுக்குள் வரிசையாக நன்றி சொன்னாள். பத்து விரலையும் காத்துக் கொடுத்த அந்தப் பழக்கத்துக்கு, துருப்பிடித்த வட்டுகளுக்கு, "இன்னும் கீழ" என்ற எபினேசருக்கு, பதினான்கு வருஷம் ஒரு குடத்தைக்கூடத் தூக்கவிடாதவனுக்கு. அவன் சுமந்ததெல்லாம் எவ்வளவு கனம் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

*

மண்டபத்துப் பின்கட்டில், கை கழுவுகிற குழாயருகே பாக்கியநாதன் அவளுக்காகக் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"எட்வர்ட் பாத்திருக்கணும்மா இத" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, மூஞ்ச கழுவிக்கினு கெளம்பு. இப்ப கெளம்புனாதான் பொழுதோட மீஞ்சூர் போய்ச் சேரலாம். உங்க அக்கா கொழம்பு வெச்சிருப்பா."

மெர்சி குழாயைத் திறந்து கையிலிருந்த வெள்ளைப் பொடியைக் கழுவினாள். குழாயை மூடினாள்.

"நான் வரல மாமா."

"களைப்பா கீதா? சரி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு..."

"மீஞ்சூருக்கே வரல. நான் என் ஊட்லயே இருக்கேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அன்றைக்குச் சரி என்று தலையாட்டினாயே என்றார். ஆட்டினேன், அது தப்பு, அன்றைக்கே வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் மெர்சி. ஒற்றைப் பொம்பளை என்றார். ராத்திரி ஷிப்ட் என்றார். காய்ச்சல் வந்தால் யார் என்றார். காய்ச்சல் வந்தால் போன் பண்ணுகிறேன் என்றாள். கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறேன் என்றாள். குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. கடைசியில் அவர் தூணில் சாய்ந்துகொண்டு, தம்பி ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சொன்னார். அவளைப் பாத்துக்கோ என்று இரண்டு தடவை சொன்னானாம்.

"நான் அவனுக்கு வாக்கு குடுத்தேம்மா."

இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் அவள் தலை ஆடும். மெர்சி அவர் முகத்தைப் பார்த்தாள். எட்வர்டின் அதே நெற்றி, அதே புருவம். இந்த மனிதர் ஒன்பது மாதமாக இதைச் சுமந்துகொண்டு ஞாயிறுதோறும் ரயிலேறியிருக்கிறார்.

"பாத்துக்கினுதான மாமா கீறீங்க? ஒரு வாரமாச்சும் வராம இருந்தீங்களா? எனுக்குன்னு நீங்க செஞ்சத எங்கூட பொறந்தவங்க செய்ய மாட்டாங்க. நான் அத மறக்கல. ஊட்ட மாத்தி வெச்சாதான் பாத்துக்கறதா? ஞாயித்துக்கெழம மீன் எடுத்துக்கினு வாங்க. நான் கொழம்பு வெக்கறேன்."

உள்ளே பூவம்மாளின் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவர் இன்னொரு திருகு திருகி நிறுத்தினார். பிறகு போனை எடுத்து, வண்டிக்காரனிடம் நாளைக்கு வண்டி வேண்டாம் என்றார். அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அவங்க அங்கியேதான் இருக்கப் போறாங்கப்பா. அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தோள்கள் சற்றே தளர்ந்ததை மெர்சி பார்த்தாள். வருத்தத்தால் மட்டும் தளர்ந்த தோளாக அது தெரியவில்லை.

"உங்க அக்காகிட்ட இன்னா சொல்றது? புதுசா கட்டிலு வாங்கிப் போட்டிருக்கா."

"நானே சொல்றேன். குடுங்க."

அவர் அழைத்துக் கொடுத்தார். மீஞ்சூரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெர்சி ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுமுனையில் எடுத்ததும், "அக்கா, மெர்சி பேசறேன்" என்றாள். கட்டிலுக்கு நன்றி சொன்னாள். அறைக்கு வெள்ளையடித்ததற்கு நன்றி சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பியதற்கு, இதுவரை சொல்லாத நன்றியையும் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு ஒரு மூச்சு எடுத்து, வரவில்லை என்பதையும் சொன்னாள்.